தோமா நற்செய்தியும் என் கொப்பியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்து வளர்ந்தவள் நான். தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றேன். ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிற சாதாரண கத்தோலிக்கப் பெண். பல வருடங்களாகத் தோமா நற்செய்தி என்ற பழைய நூலை வாசித்து, மனதில் பட்டதை ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். இது தெரிந்தவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் இறையியல் படித்தவள் அல்ல. வரலாறு பற்றிச் சொல்வது அறிஞர்களிடமிருந்து அறிந்தது, மற்றதெல்லாம் என் சொந்த யோசனை.

தோமா நற்செய்தி என்றால் என்ன? பைபிளில் இல்லையே?

இல்லைத்தான். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நான்கோடு சேராத நூல் இது. இதில் கதை கிடையாது. பிறப்பு, புதுமைகள், பாடுகள், உயிர்ப்பு எதுவும் வராது. "இயேசு சொன்னார்", "இயேசு சொன்னார்" என்று ஒன்றன்பின் ஒன்றாக வசனங்கள் மட்டும் வரும். அறிஞர்கள் அவற்றை 114 ஆக எண்ணியிருக்கிறார்கள். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை நாம் நற்செய்திகளில் கேட்டவற்றை ஒத்தவை: கடுகு விதை, விதைப்பவன், காணாமற்போன ஆடு. மீதி வேறு எங்கும் கேட்காதவை.

1945 டிசம்பரில் எகிப்தின் தெற்கே நாக் ஹம்மாதி என்ற ஊருக்கு அருகில் ஒரு சாடி அகப்பட்டது. உரமண் தோண்டப் போன விவசாயிகள் கண்டெடுத்ததாகச் சொல்வார்கள். அதற்குள் தோல் அட்டை போட்ட பழைய ஏட்டுப் புத்தகங்கள் பதின்மூன்று. இரண்டாவது புத்தகத்தில் இரண்டாவது நூலாக இருந்தது இது. எழுதியிருந்த மொழி கொப்திக்கு, அதாவது கிரேக்க எழுத்தில் எழுதப்பட்ட பழைய எகிப்திய மொழி. பிரதியின் வயது நான்காம் நூற்றாண்டு.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி வேறொன்று. அந்தச் சாடிக்கு ஏறத்தாழ ஐம்பது வருடம் முன்னரே, அதே எகிப்தில் ஒக்சிரிங்கஸ் என்ற இடத்துக் குப்பை மேடுகளில் இதே நூலின் கிரேக்கக் கிழிசல்கள் மூன்று கிடைத்திருந்தன. முதலாவது 1897 இல் அச்சாகிவிட்டது. ஆனால் அவை எந்த நூலின் துண்டுகள் என்று எவருக்கும் தெரியவில்லை. சாடி வந்த பிறகுதான் "அட, இதுதானா அது" என்று பொருத்திப் பார்த்தார்கள். கையில் இருப்பது என்னவென்று தெரியாமலே ஐம்பது வருடம் வைத்திருந்திருக்கிறார்கள்.

அப்போஸ்தலர் தோமாதான் எழுதினாரா? மைலாப்பூருக்கு வந்த அதே தோமாவா?

"உயிருள்ள இயேசு சொன்ன, திதிமு யூதா தோமா எழுதிவைத்த மறைவான சொற்கள் இவை" என்றுதான் நூல் தொடங்குகிறது. ஆனால் முதல் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடையில் எங்கே வைப்பது என்று அறிஞர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். தோமாவின் கையெழுத்து என்று சொல்ல ஆதாரம் இல்லை.

நம்மவர்களுக்குத் தெரிந்த இந்தியக் கதை, அரசனுக்கு மாளிகை கட்டுவதாகப் பணம் வாங்கி ஏழைகளுக்குக் கொடுத்த கதை, 'தோமாவின் பணிகள்' என்ற வேறு நூலில் வருகிறது. களிமண் குருவிக்கு உயிர் கொடுத்த சிறுவன் இயேசுவின் கதையும் வேறொரு நூல். தோமா பெயரில் இப்படிப் பல உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தோமா என்றாலும் இரட்டையர் என்றுதான் அர்த்தம், அரமேயத்தில். திதிமு என்றாலும் இரட்டையர்தான், கிரேக்கத்தில். இரட்டையர் இரட்டையர் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, யாரோடு இரட்டை என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறது நூல்.

கத்தோலிக்கர் வாசிப்பது பாவம் இல்லையா?

இல்லை. திருச்சபையின் தடைசெய்யப்பட்ட நூற்பட்டியலே 1966 இல் கைவிடப்பட்டது. இதைப் பூசையில் வாசிக்க முடியாது, விசுவாசத்துக்கு அளவுகோலாக வைக்கவும் முடியாது. அவ்வளவுதான். என் மேசையில் பைபிள் மேலே இருக்கும், இது கீழே இருக்கும். அது எனக்கு நானே போட்ட ஒழுங்கு.

திருச்சபை இதை ஒளித்து வைத்ததாமே?

வாட்ஸ்அப்பில் வந்ததா? நிசேயா சங்கத்தில் ஆயர்கள் கூடி வேண்டாத நற்செய்திகளைக் கொளுத்தினார்கள் என்ற கதை எனக்கும் வந்தது, ஒரு முறை அல்ல, நாலு முறை. 325 இல் கூடிய நிசேயா சங்கம் பைபிளில் எந்த நூல் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கவே இல்லை. இன்று நாம் வைத்திருக்கும் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் அப்படியே வரிசைப்படுத்திச் சொன்னது 367 இல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு எழுதிய பாஸ்காக் கடிதம். அதில் மற்ற நூல்களை விலக்கச் சொன்னதால் பக்கத்து மடத்துத் துறவிகள் சாடியில் போட்டுப் புதைத்திருக்கலாம் என்று ஒரு ஊகம் உண்டு. ஊகம்தான். அதற்கு முன்பே ஒரிஜன் போன்ற ஆதித் திருச்சபை அறிஞர்கள் இந்நூலின் பெயரைச் சொல்லி, ஏற்கத்தக்கது அல்ல என்று எழுதிவிட்டார்கள். ஒளித்தார்கள் என்பதைவிட, கைவிட்டார்கள் என்பது பொருத்தம்.

"இச்சொற்களின் பொருளைக் கண்டடைகிறவர் சாவைச் சுவைக்க மாட்டார்" என்று இருக்கிறதே. நீங்கள் கண்டடைந்துவிட்டீர்களா?

இதைக் கேட்பவர்கள் பாதி பகிடிக்குத்தான் கேட்கிறார்கள். ஆனால் இந்த நூலில் வேறெதையும்விட நான் அதிகம் மல்லுக்கட்டியது இந்த முதலாவது வசனத்தோடுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முப்பது வருடம் நான் கரும்பலகையில் பொழிப்புரை எழுதியவள். செய்யுளை எழுது, பதம் பிரி, பதவுரை சொல், கடைசியில் பொழிப்பை எழுதி அடிக்கோடு போடு. பிள்ளைகள் அதை அப்படியே கொப்பியில் இறக்கி, பாடமாக்கி, சோதனையில் கக்குவார்கள். பொருள் காண்பது என்றால் எனக்கு அதுதான். ஆகவே இந்த நூலையும் அப்படியே தொடங்கினேன். 114 வசனம், 114 பொழிப்பு. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கோடு. மூன்று மாதத்தில் முடித்துவிட்டேன் என்றால் பாருங்கள்.

முடித்த கையோடு, பங்கில் அயல் வீட்டுக்காரர் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் போய்ப் பேசினேன். நீங்கள் வாசிப்பது பிறகு எழுதியது, நான் வைத்திருப்பதுதான் ஆதியில் உள்ளது என்கிற தோரணையில். அது வரலாற்றுப்படியும் பிழை, ஆனால் அன்றைக்கு அதை எனக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை. எல்லோரும் டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று தலையாட்டினார்கள். மூலையில் இருந்த ஒரு வயதான மாமி மட்டும் செபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு, "பிள்ளை, நீ சொன்னதெல்லாம் சரி. எனக்கு இது காணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குத்தான் கோபம்.

ஒரு வருடத்துக்கு அந்தக் கொப்பியைத் தொடவில்லை. பிறகு எடுத்துப் பார்த்தபோது, 114 பொழிப்பும் எழுத்துக் கூட்டிச் சரியாக இருந்தன, ஆனால் ஒன்றும் என்னுடையதாக இல்லை. முதல் வசனத்துக்குப் பக்கத்திலேயே இரண்டாவது இருக்கிறது, நான்தான் தாண்டிப் போயிருக்கிறேன்: தேடுகிறவர் கண்டடையும்வரை தேடட்டும், கண்டடையும்போது கலங்குவார், கலங்கினால் வியப்பார், பிறகு எல்லாவற்றின் மீதும் ஆட்சி செய்வார். கிரேக்கக் கிழிசலில் அதற்கும் மேலே "ஓய்வு பெறுவார்" என்று ஒரு படி உண்டு. பொருள் கண்டதற்கு அடையாளம் கலக்கம் என்கிறது நூல். எனக்கு அப்போது கலக்கமே வரவில்லை, பெருமைதான் வந்தது. அப்படியானால் நான் கண்டது பொருள் அல்ல என்று நூலே சொல்லிவிட்டது.

புதுக் கொப்பி ஒன்று வாங்கினேன். இதில் பொழிப்பு எழுதுவதில்லை.

அப்படியானால் எப்படி வாசிக்கிறீர்கள்?

ஒரு நேரத்தில் ஒன்று. ஆங்கிலத்தில் வாசித்து என் தமிழில் எழுதிக்கொள்வேன், அந்தத் தமிழ் வாயில் இருக்கும்படி. பிறகு தேங்காய் துருவும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது அது தானாக வரும். சில வசனம் ஒரு கிழமையில் போய்விடும். சிலது ஒரு தவக்காலம் முழுதும் நிற்கும். அதற்கு இணையான வரி நான்கு நற்செய்திகளில் இருந்தால் பக்கத்தில் எழுதி இரண்டையும் உரசிப் பார்ப்பேன், பொன்னை உரசுவது மாதிரி. கொப்பியில் எழுதுவது அன்று நடந்ததை மட்டும்: யாரோடு பேசினேன், எதற்கு எரிச்சல் வந்தது, வசனம் எந்த இடத்தில் குறுக்கே வந்தது. சில பக்கங்களில் மீன் வாங்கிய கணக்கும் இருக்கும்.

மீனவர் உவமை இதிலும் இருக்கிறதா?

இருக்கிறது, எட்டாவது வசனம். ஒரு மனிதன் புத்தியுள்ள மீனவனைப் போன்றவன். வலையைக் கடலில் வீசி, நிறையச் சின்ன மீனோடு மேலே இழுத்தான். அதற்குள் நல்ல பெரிய மீன் ஒன்றைக் கண்டான். சின்ன மீன் எல்லாவற்றையும் திரும்பக் கடலில் போட்டுவிட்டு, சிரமப்படாமல் பெரிய மீனைத் தெரிந்தெடுத்தான்.

இதை முதலில் வாசித்தபோது நான் சிரித்துவிட்டேன். என் ஐயா வீச்சுவலைக்காரர். இடுப்பில் பறி கட்டி, விடியப்புறம் களப்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீசுகிறவர். எங்கள் வீட்டில் சின்ன மீன் என்று எறிந்த சரித்திரமே இல்லை. பெரியது கூறி விற்கப் போகும், சின்னதுதான் எங்களுக்குச் சொதி. பறியை நிலத்தில் கவிழ்த்தால் முதலில் அம்மாவின் கை போவது பொடி மீனுக்கு. அந்த வீட்டுப் பிள்ளைக்கு இந்த மீனவன் புத்தியுள்ளவனாக எப்படித் தெரியும்? பெரிய மீனை வைத்துக்கொண்டு சின்னதையும் வைத்திருக்க வேண்டியதுதானே? பறியில் இடமா இல்லை?

மத்தேயு 13 இல் வரும் வலை உவமை நியாயமாக இருக்கும். கரையில் இருந்து நல்லதைக் கூடையில் சேர்த்து, ஆகாததை எறிகிறார்கள். உலக முடிவில் நல்லவரையும் தீயவரையும் பிரிப்பது அது. அங்கே விண்ணரசு வலைக்கு ஒப்பாகிறது. இங்கே ஒப்பாவது மனிதன். தீர்ப்பு இல்லை, உலக முடிவு இல்லை, சின்ன மீன் கெட்ட மீனும் இல்லை. நல்ல மீனைத்தான் விடுகிறான்.

அது எனக்கு விளங்கியது ஓய்வு பெற்ற வருடத்தில். ரியூசன் எடுக்கக் கேட்டார்கள், சங்கத்தில் செயலாளராக இருக்கக் கேட்டார்கள், பங்கில் மூன்று குழுவுக்குக் கேட்டார்கள். எல்லாம் நல்ல காரியம். எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னேன். வீட்டில் பக்கவாதத்தில் கிடந்த அம்மாவுக்குக் கஞ்சி பருக்கும் நேரத்தை மட்டும் யாரோ ஒரு பிள்ளையிடம் விட்டுவிட்டு ஓடினேன். நல்லவை எல்லாம் சேர்ந்து நிறைந்த பறி. ஒரு நாள் கூட்டத்தில் இருந்தபோது, "சிரமப்படாமல்" என்ற சொல் வந்து நின்றது. அன்றைக்கே மூன்றை விட்டேன். சிரமப்படாமல் என்று பொய் சொல்ல மாட்டேன், சிரமப்பட்டுத்தான்.

ஐயா இருந்திருந்தால் இன்னும் அந்த மீனவனைப் பேயன் என்றுதான் சொல்லியிருப்பார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. பசித்த வீட்டில் இந்த உவமையைச் சொல்லக் கூடாது.

இறையாட்சி "உள்ளே" என்கிறதா, "வெளியே" என்கிறதா?

இரண்டும் என்கிறது. மூன்றாவது வசனம்: உங்களை நடத்துகிறவர்கள் ஆட்சி வானத்தில் இருக்கிறது என்றால், பறவைகள் உங்களுக்கு முந்திவிடும். கடலில் இருக்கிறது என்றால், மீன்கள் முந்திவிடும். அது உங்களுக்கு உள்ளே இருக்கிறது, வெளியேயும் இருக்கிறது.

லூக்கா 17:21 ஐ எடுத்துப் பாருங்கள். புரட்டஸ்தாந்த வீடுகளில் உள்ள பழைய மொழிபெயர்ப்பில் "தேவனுடைய ராஜ்யம் உங்களுக்குள் இருக்கிறதே". எங்கள் திருவிவிலியத்தில் "இறையாட்சி உங்கள் நடுவேயே செயல்படுகிறது". ஒரே கிரேக்கச் சொல்தான், இரண்டு பக்கமும் இழுபடும். ஒன்றை எடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு இருக்கலாம், மற்றதை எடுத்தால் சந்தைக்குப் போக வேண்டும். தோமா இரண்டையும் விடவில்லை.

மொழிபெயர்ப்பு என்றதும் ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1850 இல் அச்சேறிய தமிழ் வேதாகமத்துக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து உழைத்தவர்கள் வெஸ்லியன் பாதிரியார் பேர்சிவலும் ஆறுமுக நாவலரும். பிற்காலத்தில் கிறிஸ்தவத்துக்கு எதிராக எழுதிக் குவித்த அதே நாவலர்தான். வேத வசனத்துக்குத் தமிழ் தேடிய அவர் என்ன நினைத்திருப்பார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

"விறகைப் பிள, அங்கே இருக்கிறேன், கல்லைத் தூக்கு, என்னைக் காண்பாய்." இது சைவம்தானே?

77 ஆவது வசனம். எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அண்ணை சைவர், தேவாரம் பாடமாகச் சொல்லக்கூடியவர். இதை வாசித்துக் காட்டியதும் உடனே, "விறகில் தீயினன் பாலில் படுநெய்போல் மறைய நின்றுளன்" என்று அப்பரை எடுத்துவிட்டார். "உங்கட இயேசு அப்பரைப் படிச்சிருக்கிறார், டீச்சர்" என்று பகிடி வேறு. காலம் இடிக்குதே அண்ணை என்றேன்.

ஒப்பிட்டுப் பார்ப்பது சந்தோஷம். ஆனால் எல்லாம் ஒன்றுதான் என்று உடனே முடிச்சுப் போடுவது எனக்குப் பிடிக்காது, அப்படிச் செய்தால் இரண்டையும் வாசிக்கத் தேவையில்லாமல் போய்விடும். அப்பர் அடுத்த அடியிலேயே உறவு என்ற கோலை நட்டு, உணர்வு என்ற கயிற்றால் முறுகக் கடையச் சொல்கிறார். விறகில் உள்ள தீயும் பாலில் உள்ள நெய்யும் கடைந்தால்தான் வெளியே வரும். தோமாவில் கடைதல் இல்லை. பிளப்பதும் தூக்குவதும்தான் உண்டு.

அந்த இரண்டு வேலையைப் பற்றிப் பழைய ஏற்பாட்டில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது, சபை உரையாளர் 10:9. கல்லைப் பெயர்ப்பவருக்குக் கல்லாலேயே காயம், மரத்தைப் பிளப்பவருக்கு அதனாலேயே ஆபத்து. யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டிய எவரையும் கேளுங்கள். மேலே ஒரு முழம் செம்மண், அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். என் மாமா ஒருவருக்கு இடது கையில் பெருவிரல் பாதிதான் இருந்தது, கல் புரண்டு நசுக்கியது. முற்றத்தில் கிடக்கும் கல்லைத் தூக்கினாலும் அடியில் தேள் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கை வைப்போம். ஆகவே இந்த வசனத்தை இயற்கை அழகு பற்றியது என்று நான் எடுப்பதில்லை. கூலி வேலை பற்றியது, நசுங்குகிற விரல் பற்றியது என்றுதான் எடுக்கிறேன். அங்கே இருக்கிறேன் என்கிறார்.

கிரேக்கக் கிழிசலில் இந்த வரி இந்த இடத்திலேயே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தனியாக இருப்பவரோடு நான் இருக்கிறேன் என்ற வேறொரு வசனத்தோடு ஒட்டி வருகிறது. கிணற்றின் அடியில் தனியாக நிற்பவனுக்கு அந்த இடமும் பொருந்தும்.

இந்த நூலில் மட்டும் இருக்கும் உவமை ஒன்று சொல்லுங்கள்.

97. தந்தையின் ஆட்சி, மா நிறைந்த சாடியைச் சுமந்து போன ஒரு பெண்ணைப் போன்றது. தூர வழி நடந்துகொண்டிருக்கையில் சாடியின் காது உடைந்தது. மா அவளுக்குப் பின்னால் வழியெல்லாம் கொட்டுண்டது. அவளுக்குத் தெரியாது, ஒரு கஷ்டமும் அவள் உணரவில்லை. வீட்டுக்கு வந்து சாடியை இறக்கி வைத்தாள், வெறுமையாக இருந்தது.

முடிந்தது, அவ்வளவுதான்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போரில் யாழ்ப்பாணச் சனமே இடம்பெயர, நாங்களும் வெளிக்கிட்டபோது அம்மா வேறொன்றும் எடுக்கவில்லை, வறுத்த அரிசி மாவைத் துணிப் பையில் கட்டிச் சைக்கிள் கரியரில் வைத்தார். நாவற்குழிப் பாலத்தில் சனத்துக்குள் அங்குலம் அங்குலமாக, மழையில். யார் பையை யார் பார்ப்பது? கொடிகாமத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இறக்கிப் பார்த்தால் கரியர்க் கம்பி உரசிப் பையில் நீளமாக ஒரு கிழிசல். தையலில் ஈரமாக ஒட்டியபடி ஒரு பிடி மா மிச்சம். அம்மா பையை உதறிப் பார்த்துவிட்டு, "பாலம் தின்றிட்டுது" என்றார். பிறகு அந்த ஒரு பிடியில் கஞ்சி காய்ச்சினார்.

இந்த உவமையை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பைதான். அது எப்படி இறையாட்சி ஆகும்? கவனமாயிரு என்ற எச்சரிக்கை என்பார்கள் சிலர், அன்பியக் கூட்டத்துக்குப் பிறகு நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். நிறைந்த சாடி என்று நினைத்துக்கொண்டு நடந்தேன், வழியெல்லாம் கொட்டிவிட்டு வந்திருக்கிறேன் என்று. இன்னும் சிலர், தம்மையே வெறுமையாக்கிய கிறிஸ்துவைப் பவுல் சொல்வதோடு இதைச் சேர்ப்பார்கள், வெறுமைதான் ஆட்சி என்று. அது அழகாக இருக்கிறது. ஆனால் பையை உதறிய அம்மாவின் முகத்தைப் பார்த்தவளுக்கு அதை அவ்வளவு இலகுவாகச் சொல்ல வராது.

ஒரு சின்ன விஷயம் மட்டும் நானாகக் கண்டுபிடித்ததாக வைத்திருக்கிறேன், பிழையாகவும் இருக்கலாம். சாடியின் பிடிக்குக் கொப்திக்கில் உள்ள சொல் காதுதான், நம் தமிழில் சொல்வது மாதிரியே. இதற்கு முந்திய 96 ஆவது வசனம் "காது உள்ளவர் கேட்கட்டும்" என்று முடிகிறது. அடுத்த வரியில் காது உடைகிறது, அவள் அதைக் கேட்கவில்லை.

"வழிப்போக்கராய் இருங்கள்" என்ற வசனம்?

42. இந்த நூலிலேயே மிகச் சின்னது. வெளிநாட்டில் இருக்கும் மருமகன் அதை அலைபேசியின் முகப்பில் போட்டிருக்கிறான். பற்றில்லாமல் இருக்கச் சொல்கிறதாம். அவன் பிறந்தது 1995 க்குப் பிறகு. வழிப்போக்கராய் இருக்கச் சொல்லி எங்களுக்கு யாரும் உபதேசம் செய்யத் தேவையில்லை, கட்டாயப்படுத்தியே ஆக்கிவிட்டார்கள். ஆகையால் இந்த வசனத்தை நான் ஏவலாக எடுப்பதில்லை. வீடு பூட்டிக்கொண்டு போனவர்களோடு இயேசுவும் நடந்தார் என்பதாக எடுக்கிறேன். இலக்கணம் இடம் கொடுக்காதுதான்.

பெண்களைப் பற்றிக் கடைசி வசனம் மோசமாக இருக்கிறதே?

மோசம்தான். மரியா நம்மை விட்டுப் போகட்டும், பெண்கள் வாழ்வுக்குத் தகுதியில்லை என்கிறார் பேதுரு. அவளை ஆணாக்குவேன், தன்னை ஆணாக்கும் பெண் விண்ணரசில் நுழைவாள் என்று பதில் வருகிறது. அக்காலத்தில் ஆண் என்றால் முழுமை என்றொரு எண்ணம் இருந்தது, அந்த அர்த்தம் என்பார்கள். பிற்சேர்க்கை என்று கருதுவோரும் உண்டு. 22 ஆவது வசனமோ ஆண் ஆணாக இல்லாமலும் பெண் பெண்ணாக இல்லாமலும் இரண்டையும் ஒன்றாக்கச் சொல்கிறது, அதோடு இது ஒத்துப்போகாது. எனக்கு 22 போதும். 114 க்கு வெள்ளையடிக்க நான் தயாரில்லை. நான் இதை வேதமாக வாசிக்காததில் ஒரு வசதி, பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லலாம்.

இது ஞானவாத நூலா?

இரகசிய ஞானத்தால்தான் மீட்பு என்று நம்பிய பழைய குழுவினர் ஞானவாதிகள். அவர்களின் நூல்களோடு ஒரே சாடியில் கிடந்தது. ஆனால் உலகைப் படைத்தது ஒரு கீழ்த்தரமான கடவுள் என்ற அவர்களின் கதை இதில் இல்லை. அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. எனக்கு அந்தப் பெயர்ச்சீட்டு பெரிய உதவி செய்ததில்லை.

இத்தனை வருடத்துக்குப் பிறகும் விளங்காத வசனம் உண்டா?

நிறைய. ஏழாவதில் ஒரு சிங்கம் வருகிறது: மனிதன் தின்ன, மனிதனாகும் சிங்கம் பேறுபெற்றதாம். அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறேன்.

98 விளங்காதது அல்ல, வாசிக்க முடியாதது. ஒருவன் பெரிய ஆள் ஒருவனைக் கொல்ல நினைத்து, கை நடுங்காதா என்று பார்க்க வீட்டுக்குள்ளேயே வாளை உருவிச் சுவரில் குத்திப் பார்க்கிறான், பிறகு போய்க் கொல்கிறான். தந்தையின் ஆட்சி அதைப் போன்றதாம். துணியுமுன் செலவைக் கணக்கிடுவது பற்றிய உவமை என்று விளக்குகிறார்கள். இருக்கலாம். எங்கள் ஊர்ச் சுவர்களில் இருந்த துளைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நான் இதை வாசித்துக் காட்டியதில்லை.

13 இல், நான் யாரைப் போன்றவன் என்று இயேசு கேட்க, பேதுரு ஒரு பதில் சொல்கிறார், மத்தேயு ஒரு பதில் சொல்கிறார், தோமா மட்டும் "என் வாயால் சொல்ல ஏலாது" என்கிறார். அதை வாசித்ததும் அண்ணை சொன்னது யாழ்ப்பாணத்துச் சைவ ஞானி யோகர் சுவாமியின் "நாமறியோம்". இந்த முறை நான் அவரோடு வாதாடவில்லை.

உங்கள் கொப்பியை வாசிக்கத் தருவீர்களா?

தர மாட்டேன். அதில் மனிதர்களின் பெயர்கள் இருக்கின்றன, நான் அவர்கள்மேல் எரிந்து விழுந்த கதைகளும் இருக்கின்றன. சேர்ந்து வாசிக்க வேண்டுமென்றால் பின்னேரம் வாங்கோ, தேத்தண்ணி தருவேன், ஒரு வசனம் வாசிப்போம், ஒன்றுக்கு மேல் இல்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்கு நான் பாசையூர் அந்தோனியாரிடம் போய்விடுவேன், அந்தச் செபமாலை மாமியைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு. அவருக்கு இப்போது கண் தெரியாது.